நான் வெட்டிவிட்ட ஊர்

சதோன்ஸ்க் என்ற ஊரை நான் கண்ணால் கண்டதில்லை. ரஷ்யாவில் வொல்கா ஆற்றின் கரையில், ஆறு முழங்கையைப் போல மடங்கும் ஓரிடத்தில் இருக்கிறது என்று எனக்குச் சொன்னவன் சீமோன். அந்த ஊரை அவனுடைய வாழ்க்கையிலிருந்து நீலப் பேனையால் வெட்டியவன் நான். ஆகவே அதைப் பற்றி எழுத வேண்டிய கடமையும் என் தலையில்தான் விழுகிறது. எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் இராஜரட்ணம். யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், இருபத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்தவன். எண்பத்தாறில் ரொறன்ரோவுக்கு வந்தேன். ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே, கருவாட்டு வாசம் படியேறி வரும் ஓர் அறையில், அகதியாக வந்தவர்களுக்கு விண்ணப்பப் போம் நிரப்பிக் கொடுத்தேன். வழக்கு விசாரணைகளில் மொழிபெயர்த்தேன். எங்கள் சனம் இதைக் 'கேஸ் எழுதிறது' என்று சொல்லும். பொருத்தமான சொல். நடந்ததை எழுதுவதல்ல என் வேலை, வெல்லக்கூடியதை எழுதுவது. பத்துக்கு ஒன்பது வென்றேன். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஆட்கள் எழும்பிக் கதிரை தருவார்கள். அந்தத் திமிரில் நானும் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தேன்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு பெப்ரவரி மாதம் சீமோன் குரூஸ் வந்தான். மன்னார்ப் பக்கம், பேசாலை. முப்பத்துமூன்று வயது. பரம்பரையாகக் கடற்றொழில் செய்த குடும்பம், ஆனால் அவன் நீட்டிய கை கடற்காரனின் கையாக இல்லை. விரல் நுனிகள் பச்சைப்பிள்ளையின் கன்னம் மாதிரி வழுவழுவென்றிருந்தன. குடிவரவுக் கந்தோரில் கைரேகை பதிய மூன்று தரம் மை பூசினார்களாம். "பலகை உரசி உரசி ரேகை போட்டுது அண்ணை," என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் அவன் சொன்ன கதை முழுக்கச் சதோன்ஸ்க்கைப் பற்றியதுதான்.

தொண்ணூறில் சண்டை மீண்டும் தொடங்கித் தம்பியை ஆமி கொண்டுபோனபின் அவன் நாட்டைவிட்டுப் புறப்பட்டான். ஏஜென்ற் மொஸ்கோவரை கொண்டுவந்துவிட்டுப் பாஸ்போட்டோடு மாயமானான். அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் மாணவன் இரக்கப்பட்டு, தனக்குத் தெரிந்த பட்டறையில் ஆள் தேவை என்று சதோன்ஸ்க்குக்கு ரயில் ஏற்றிவிட்டான். பாஷை தெரியாது. குளிர்ச்சட்டைகூட அந்த மாணவனுடையது.

ஊர் முழுக்க மர வீடுகள். யன்னல் சட்டங்களில் பூவேலை. கார்த்திகையிலிருந்து சித்திரைவரை ஆறு கல்லாகிக் கிடக்கும், லொறிகூட அதன்மேல் ஓடும். சித்திரையில் பனி வெடிக்கும் சத்தத்தை முதல்முறை கேட்டபோது ஷெல் என்று நினைத்துக் கட்டிலுக்குக் கீழே புகுந்தானாம். ஆற்றங்கரையில் ஒரு பழைய செங்கல் களஞ்சியம். அதுதான் பட்டறை. பாண் ரொட்டி வெட்டும் பலகை, தொட்டில் பலகை, பிள்ளைகளுக்கு மரக்குதிரை எல்லாம் அங்கே செய்து நிறம் தீட்டுவார்கள். ஆண்கள் மரம் அறுத்து உரசுவார்கள், பெண்கள் வரைவார்கள். பென்சில் கோடு கிடையாது. தூரிகையை நனைத்தால் நேரே பலகையில் வட்டம், வட்டத்துக்கு மேல் இதழ், கடைசியில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். அந்த வெள்ளைக் கோடு விழும்போதுதான் பூவுக்கு உயிர் வரும் என்று அவர்கள் சொல்வார்களாம். சம்பளத்துக்குக் காசில்லாத மாதங்களில் பலகைகளையே சம்பளமாகக் கொடுப்பார்கள். எல்லோரும் துறைமுகத்தில் வரிசையாக நின்று கப்பலில் வரும் பயணிகளிடம் விற்பார்கள்.

சீமோனுக்கு உரசும் வேலை. பக்கத்து மேசையில் கெனாதி என்றொருவன், ஒரு காது கேளாதவன், சீமோனுக்கு வேலையும் பாஷையும் பழக்கியவன். சீமோன் உரசிய பலகைகள் லிதியா என்ற பெண்ணின் மேசைக்குப் போகும். ஒருநாள் அவள் ஒரு பலகையைத் திருப்பிக்கொண்டு வந்து, அதில் ஒரு மரமுள்ளுகூட இல்லை, யார் உரசியது என்று கேட்டாள். தொண்ணூற்றொன்றில் இருவரும் பதிவுக் கல்யாணம் செய்தார்கள். அடுத்த வருடம் ஒரு பெண்பிள்ளை பிறந்தாள். சீமோனின் தாய் அன்னம்மாவின் நினைவாக அன்னா என்று பேர் வைத்து, ஆன்யா என்று கூப்பிட்டார்கள்.

"பிள்ளைக்குப் பால்மா இல்லை அண்ணை. அதுதான் வேற ஏஜென்ற் பிடிச்சு வெளிக்கிட்டனான். பேப்பர் எடுத்து ரெண்டு பேரையும் கூப்பிடவேணும். ஒரு வருசம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

நான் பேனையை மூடி மேசையில் வைத்தேன். "உதெல்லாத்தையும் மறந்துவிடும்," என்றேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. கனடாவின் சட்டமல்ல, நாங்களே செய்துகொண்ட சட்டம். வழியில் எந்த நாட்டிலும் தங்கவில்லை, கொழும்பில் ஏறினேன், ரொறன்ரோவில் இறங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இடையில் மூன்று வருடம் ரஷ்யாவில் வேலை, கல்யாணம், பிள்ளை என்றால், நீ அங்கேயே இருந்திருக்கலாமே என்று கேட்பார்கள், கேஸ் செத்துப்போகும். இதை எவனும் புத்தகத்தில் படித்ததில்லை. ஒருவன் வாயிலிருந்து அடுத்தவன் காதுக்குப் போய், வேதவாக்கு ஆகிவிட்டது. அந்த வேதத்துக்கு நான் பூசாரி.

"தொண்ணூறிலயிருந்து தொண்ணூற்று மூண்டுவரைக்கும் மடுக் கோயில் அகதி முகாமில இருந்தனீர். கலியாணம் இல்லை. பிள்ளை இல்லை. விளங்குதோ?"

சீமோன் என் முகத்தைப் பார்த்தான். "மடு மாதாவின்ர கோயிலைச் சொல்லிப் பொய் சொல்லுறதோ அண்ணை?"

"மாதா மன்னிப்பா. இமிக்கிரேசன்காரன் மன்னிக்கமாட்டான்."

அந்தப் பகிடிக்கு நான்தான் சிரித்தேன். அவன் பைக்குள் கையைவிட்டு ஒரு பலகையை எடுத்தான். பாண் வெட்டும் பலகையளவு. கறுப்புக் குதிரை ஒன்று, மெல்லிய கால்கள், சுற்றிவர ரோசாப்பூக்கள். திருப்பிக் காட்டினான். பின்பக்கத்தில் ரஷ்ய எழுத்தில் இரண்டு வரி. அந்தப் பட்டறையில் வரைந்தவர் தன் பேரையும் ஆண்டையும் பலகையின் பின்னால் எழுத வேண்டும். தொழிலாளிக்குப் பிள்ளை பிறந்தால் தாய் ஒரு பலகை வரைந்து, பின்னால் பிள்ளையின் பேரையும் தகப்பன் பேரையும் எழுதித் தொட்டிலுக்கு மேலே மாட்டுவாள்.

"லிதியா குரூஸ், தொண்ணூற்றிரண்டு. கீழ அன்னா சீமோனவ்னா. சீமோன்ர மகள் அன்னா. அவையளும் எங்களைப்போலத்தான் அண்ணை, தேப்பன்ர பேரைத்தான் பிள்ளை காவும்." வெளிக்கிடும்போது லிதியா அதைத் தொட்டில்மேலிருந்து கழற்றி அவன் பைக்குள் வைத்து, அங்கே மாட்டு, நாங்கள் வந்து பார்ப்போம் என்று சொன்னாளாம்.

"குப்பையில போடும்," என்றேன். "உதைத்தான் முதல்ல பிடிப்பாங்கள்."

அடுத்தநாள் வந்தான். பலகையை மேசையில் கவிழ்த்து வைத்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எழுத்து இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரவு முழுக்கச் சாண்ட்பேப்பரால் உரசியிருக்கிறான். நான் கையால் தடவிப் பார்த்து, "திறமான வேலை," என்று பாராட்டினேன். இப்போதும் அந்த வார்த்தை நினைவுக்கு வந்தால் என் வாயில் நானே அடிக்கலாம்போல இருக்கும்.

கேஸ் வென்றது. விசாரணையில் மடுவைப் பற்றிக் கேட்டார்கள். அவன் தலைகுனிந்தபடி நான் எழுதிக்கொடுத்ததைச் சொன்னான். அவன் வெட்கத்தில் குனிந்த தலையைத் துன்பத்தில் குனிந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் நிரந்தர வதிவிடப் போம் வந்தது. மணமாகாதவர், பிள்ளைகள் இல்லை என்று அதே எழுத்தில் மறுபடி எழுதினேன். ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டுமல்லவா!

அந்த ஆண்டே இன்னொன்றும் நடந்தது. அதை நான் சீமோனுக்குச் சொல்லவில்லை. வேறொரு வழக்கறிஞரின் ஆளுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். ஊர்காவற்றுறைக்காரன் ஒருவன், நான்கு வருடம் ரஷ்யாவில் இருந்திருக்கிறான், அங்கே மனைவியும் இருக்கிறாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அடப் பாவி, கெட்டாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் மாற்றினேன். விசாரித்த அம்மா, உங்களுக்கு அங்கே இருக்க நிரந்தர உரிமை தந்தார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றான். ஏற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். என்ன வருத்தம் என்று மனைவி யோகமலர் கேட்டாள். வயிற்றுக்குத்து என்று சொன்னேன்.

தொண்ணூற்றாறில் சீமோன் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட ஸ்பொன்சர் போம் கேட்டு வந்தான். அப்போது அவன் பிக்கரிங்கில் சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் கதவு உரசிக்கொண்டிருந்தான். நான் கேஸ்களைக் கொடுக்கும் வழக்கறிஞரிடம் கூட்டிப்போனேன். அவர் கோப்பைப் புரட்டினார், என்னைப் பார்த்தார், பிறகு சீமோனிடம் மெதுவாகச் சொன்னார்: மனைவியும் பிள்ளையும் இருக்கிறார்கள் என்று இப்போது சொன்னால் அன்று சொன்னது பொய்யாகும், பொய் சொல்லி வாங்கிய பேப்பரைப் பிடுங்கவும் கூடும். உண்மையை எழுதிக் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் உறுதி தரமாட்டேன் என்றார்.

படியிறங்கும்போது சீமோன், "உண்மையை எழுதுவமோ அண்ணை?" என்று கேட்டான்.

அந்த இடத்தில் நான் ஓம் சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம். ஆனால் உண்மையை எழுதினால் பொய்யை எழுதியவன் யார் என்ற கேள்வி வரும். "அவசரப்படாதையும். சிற்றிசன் எடுத்தால் ஒருத்தரும் அசைக்கேலாது," என்றேன். அதுவும் தெருச்சந்தி வேதம்தான். அவன் நம்பினான். என்னை நம்பியதைத் தவிர அந்த மனிதன் வேறு ஒரு பிழையும் செய்யவில்லை.

இரண்டு வருடம் காத்திருந்தான். அஜக்ஸில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்தான். அங்கே வீடு மலிவு, பிள்ளைக்கு ஓடி விளையாட இடம் இருக்கும் என்றான். ஆன்யாவுக்குத் தன் கையால் ஒரு கட்டில் செய்தான். முதலில் நாலு வயதுப் பிள்ளையின் அளவில். அடுத்த வருடம் லிதியா கடிதத்தோடு ஒரு நூல் அனுப்பினாள், பிள்ளையின் உயரம். நூலைச் சுவரில் பிடித்துப் பார்த்துவிட்டு, கட்டிலைப் பிரித்து நீட்டினான். பின்பக்கம் வெறுமையான அந்தக் குதிரைப் பலகை கட்டிலின் தலைமாட்டில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே தபால் கந்தோரில் லிதியா காத்து நிற்பாள், இவன் போன் எடுப்பான். எப்ப, எப்ப என்று அவள் கேட்பாள். கெதியில், சீக்கிரமே என்று இவன் சொல்வான். ரஷ்ய மொழியில் அதற்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவன் அந்தச் சொல்லைத் தேய்த்துத் தேய்த்தே அத்தனை வருடத்தையும் ஓட்டினான்.

தொண்ணூற்றெட்டில் சிற்றிசன் ஆனான். மறுநாளே வந்து என் முன்னால் இருந்தான். நான் தயாராக வைத்திருந்தேன், என் மூளையின் உச்சமான யோசனையை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். நான் சொன்னது: உம்முடைய பெண்சாதியையே புதிதாகக் கல்யாணம் கட்டும்.

விளக்கினேன். போமின்படி நீர் பிரமச்சாரி. அங்கே லிதியா மணமுறிவு எடுக்கட்டும். ரஷ்யாவில், உடைந்துபோன பழைய நாட்டின் அடையாளப் புத்தகங்களைக் கொடுத்து இப்போது புதியவை வாங்குகிறார்களாம், புதியதில் பழைய கல்யாண முத்திரை விழாது. நீர் போய் அவளைப் புதுப்பெண்ணாகப் பதிவு செய்து ஸ்பொன்சர் செய்யும்.

"ஆன்யா?"

அதற்கும் வழி வைத்திருந்தேன். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் சீமோன் குரூஸ் தகப்பன் என்று இருந்தால் எல்லாம் பிடிபடும். வேறொருவனைத் தகப்பன் என்று பதியவேண்டும், அதன்பின் அவள் தாயின் பிள்ளையாகக் கூட வரலாம். அங்கேயுள்ள கந்தோரில் அதற்கு இன்னொரு ஆண் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், ஆட்சேபனை இல்லை என்று சீமோனும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

வழுவழுத்த விரல் நுனிகளை ஒன்றோடொன்று உரசினான். பிறகு, "கெனாதி செய்வான்," என்றான். "என்ர மேசைக்குப் பக்கத்து மேசைக்காரன். நல்லவன். எனக்காகச் செய்வான்."

எனக்கு மகள் இல்லை என்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை என்ற பொருளில் ஒரு கடிதத்தை நான் எழுதினேன், அவன் கையெழுத்திட்டான். தேநீரோடு வந்த யோகமலர் அதை எட்டிப் பார்த்தாள். அவன் போனபின், "உங்கட பேனைக்கு ஒருநாளும் வெக்கம் வராதோ?" என்றாள்.

"பேப்பருக்குத்தானே," என்றேன்.

போனில் லிதியா அழுததாகச் சீமோன் சொன்னான். மாதக்கணக்காகச் சண்டை. கடைசியில் சம்மதித்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தபால் கந்தோரில் அவள் இல்லை. வேலை கூடிவிட்டதாக்கும் என்று சீமோன் சொன்னான். கட்டிலை இன்னொரு தரம் நீட்டினான். இந்த முறை நூல் வரவில்லை, மனக்கணக்கில் நீட்டினான்.

தொண்ணூற்றொன்பது ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பொதி. சமையலறை மேசையில் யோகமலருக்கும் எனக்கும் முன்னால் இருந்து, கடிதத்தை விரித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். என் தொழிலை அன்று அவன் செய்தான். என்னைவிட நன்றாகவே செய்தான், ஒரு வரியையும் மாற்றவில்லை.

"நீ கேட்ட ரெண்டு பேப்பரும் எடுத்திட்டன். மணமுறிவு அரை மணித்தியாலத்தில முடிஞ்சுது. மற்றதுக்குக் கெனாதி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். இந்தப் பிள்ளைக்குத் தகப்பனா இருக்கச் சம்மதமோ எண்டு கந்தோர்க்காரி கேட்டாள். காது கேக்காதெண்டு அவள் ரெண்டாந்தரமும் கேட்டாள். முதல்தரமே கேட்டது, ஓம் எண்டு அவன் சத்தமாச் சொன்னான். ஆன்யா அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். சீமோன், அஞ்சு வருசமா ஒரு பேப்பரிலயும் உன்னால ஓம் எண்டு எழுத முடியேல்ல. அவன் கேட்ட உடன எழுதினான். நாங்கள் வரேல்ல. போன மாதம் கெனாதியும் நானும் கலியாணம் பதிஞ்சிட்டம். உன்னில எனக்குக் கோவமில்லை எண்டு எழுத விருப்பம். ஆனா கோவம் இருக்கு."

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தான். யோகமலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன், அப்பீல் என்ற சொல்லாகத்தான் இருக்கவேண்டும், நாய்க்கு வேறென்ன தெரியும்.

அவன் பொதியைப் பிரித்தான். சின்னப் பலகை. அதில் ஒரு குதிரை, கால்கள் நான்கும் நான்கு நீளம், பக்கத்தில் ஒரு பூ, வெள்ளைக் கோடுகள் வழிந்து கிடந்தன. ஏழு வயதுப் பிள்ளையின் கை. திருப்பி என் பக்கம் தள்ளினான். பின்னால் கொட்டை எழுத்தில் ஒரு வரி.

"அன்னா கெனாதியெவ்னா," என்று விரல் வைத்து வாசித்தான். "கெனாதியின்ர மகள் அன்னா. தானே எழுதியிருக்கிறாள்."

"சீமோன்..."

"இதை நீர் வைச்சிரும் அண்ணை. இதில உரச ஒண்டுமில்லை. உம்மட போமில இருக்கிறமாதிரியே இருக்கு."

யோகமலர் வைத்த தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தான். கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்தான். யோகமலரிடம் போயிற்று வாறன் அக்கா என்று சொன்னான், என்னிடம் சொல்லவில்லை. யன்னலால் பார்த்தேன். அஜக்ஸ் பக்கம் போகும் பஸ்ஸுக்காகத் தரிப்பில் நின்றான், வெறுங்கையோடு.

பிறகு நான் என் அறைக்குப் போய் அவனுடைய பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். சீமோன் குரூஸ், மணமாகாதவர், பிள்ளைகள் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் நீலப் பேனையால் எழுதியது. அதில் ஒரு எழுத்தும் இப்போது பொய்யில்லை.